கண்டுக்காம இருக்கணும்

உங்க கிளாஸ் பையனுக்கு ஒண்ணும் இல்லைக்கா. ஒட்டுக் கேக்கலை, நீங்க ஃபோன்ல பேசினது காதுல விழுந்துச்சு. பஸ்ல பக்கத்து சீட்டுன்னா விழத்தானே செய்யும். நிமிஷத்துக்கு ஒரு தரம் டீச்சர் டீச்சர்னு கூப்பிடறான், பாடமே நடத்த முடியலைன்னு சொன்னீங்களே, அவனைத்தான் சொல்றேன். அவனுக்கு வேண்டியது உங்க கவனம். நீங்க திட்டினாலும் அது கவனம்தான். நீங்க திரும்பிப் பாக்கறதை நிறுத்தினா அவன் கூப்பிடறதை நிறுத்திடுவான். செஞ்சு பாருங்க. போன வருஷம் வரைக்கும் எனக்கு அதுதான் தொழில்.

பிஹேவியர் அனலிஸ்ட்னு சொல்லுவாங்க. இல்லை, டாக்டர் இல்லை. மருந்து மாத்திரை எதுவும் கிடையாது. ஒரு குழந்தை அடிக்குது, கத்துது, ஓடுதுன்னு வச்சுக்கங்க. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அதுக்கு அப்புறம் குழந்தைக்கு என்ன கிடைச்சுதுன்னு உக்காந்து பாக்கணும். கிடைக்கிறதை மாத்தினா குழந்தை மாறிடும். அவ்வளவுதான், கேட்டா ரொம்ப சுலபமா இருக்கும். இப்போ விட்டுட்டேன். ஒரு கம்பெனியில ட்ரெயினிங் பாடம் எழுதற வேலை. எல்லாம் கம்ப்யூட்டர்ல. ஏன் விட்டேன்னு கேட்டா, தெரியலை, போர் அடிச்சிடுச்சு.

உங்களுக்கு ஒரு உதாரணம் சொல்றேன், அப்ப புரியும். குழந்தை பேரெல்லாம் சொல்லக் கூடாது, எங்க தொழில்ல அது கண்டிப்பு. ஊர் பேரும் வேண்டாம். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீன்பிடிக்கிற ஊரு, அதோட வச்சுக்கங்க. மெயின் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஸ்கூல், அந்தப் பக்கம் குப்பம். ஒரு ட்ரஸ்ட் நடத்தற ஸ்கூல். ட்ரஸ்ட் ஆபீஸ் சென்னையில. அவங்கதான் என்னை அனுப்பினாங்க. டவுன்ல ரூம் எடுத்துத் தங்கி தினமும் பஸ்ல போய்ட்டு வருவேன்.

போறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு ட்ரெயினிங் வேற குடுத்தாங்க. போற இடத்துப் பழக்கவழக்கத்தை மதிக்கணும், உங்க கண்ணாலயே எல்லாத்தையும் பாக்காதீங்க, அங்க இருக்கிற டீச்சர், அம்மா, அப்பா எல்லாரோடயும் கைகோத்து வேலை செய்யணும்னு. எனக்கு அதுல ஃபுல் மார்க். நான் சும்மா பேச்சுக்குச் சொல்லலை, நிஜமாவே மதிச்சேன். எங்க கிட்ட படம் போட்ட அட்டை இருக்கும், பேச்சு வராத பிள்ளைங்க அதைக் காட்டிக் கேக்கறதுக்கு. அதுல ஆப்பிள், ஸ்ட்ராபெரி, பனிமனுஷன்னு இருந்துச்சு. அதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு சங்கரா மீன், ஃபைபர் போட், வலை, ஐஸ் பெட்டின்னு நானே ஃபோட்டோ எடுத்து லேமினேட் பண்ணேன். சாக்லேட்டுக்குப் பதிலா கடலை மிட்டாய். எங்க வீட்ல அசைவம் கிடையாது. ஆனா மத்தியானம் அவங்களோட ஒரே பெஞ்சுல உக்காந்துதான் சாப்பிட்டேன். ஒரு நாள் கூட மூக்கைச் சுளிச்சதில்லை.

அந்தக் குழந்தைக்கு எட்டு வயசு. ரெண்டாவது படிக்கிறா. முழுசா வாக்கியம் வராது. ஆனா பேர் வரும். கிளாஸ்ல இருக்கிற அத்தனை பேர் பேரும் தெரியும். காலையில உள்ள வருவா. பையைக் கூடக் கழட்ட மாட்டா. முதல் பெஞ்சுக்குப் போவா. முதல் பிள்ளை கன்னத்துல ஒரு விரலை வச்சு அது பேரைச் சொல்லுவா. "சபரி." அந்தப் பையன் "என்ன"ன்னு சொல்லணும். சொன்னா அடுத்த பிள்ளை. சொல்லலைன்னா திரும்பவும் "சபரி, சபரி." இப்படியே கடைசி பெஞ்சு வரைக்கும். கடைசியா டீச்சர். டீச்சரும் "என்னம்மா"ன்னு சொன்னாதான் போய் உக்காருவா. நடுவுல யாராவது பேசாம இருந்துட்டா தலையில அடிச்சுக்கிட்டு கத்துவா. முதல் பீரியட்ல பாதி இதுலயே போயிடும். மத்தியானம் சாப்பிட்டு வந்ததும் மறுபடியும் ஆரம்பிப்பா.

அந்த கிளாஸ் டீச்சர் பேர் பாக்கியவதி. அவங்க அந்த ஊர்லயே வாழ்க்கைப்பட்டவங்க. நல்ல டீச்சர்தான், ஆனா ரொம்ப இடம் குடுப்பாங்க. இந்தக் குழந்தை எல்லார் பேரையும் கூப்பிட்டு முடிக்கிற வரைக்கும் கைல சாக்பீஸோட நின்னுக்கிட்டு இருப்பாங்க. நான் கேட்டேன், ஏன் டீச்சர் இவ்வளவு நேரம் விடறீங்கன்னு. "கூப்பிட்டுட்டுப் போவட்டுமே மேடம். இங்கதான கூப்பிட முடியும்"னாங்க. எனக்கு அப்பவே தெரிஞ்சுது, இவங்களை வச்சுக்கிட்டு ப்ளான் நடத்தறது கஷ்டம்னு.

ஒரு மாசம் சும்மா உக்காந்து பாத்தேன். குழந்தை கூப்பிடறா, என்னன்னு பதில் கிடைக்குது, அதனால மறுபடியும் கூப்பிடறா. இதுல சந்தேகமே இல்லை. பதிலை நிறுத்தணும். இங்கிலீஷ்ல ப்ளான்டு இக்னோரிங்னு சொல்லுவோம். தமிழ்ல என்ன சொல்றதுன்னு யோசிச்சு, "கண்டுக்காம இருக்கணும்"னு வச்சேன். சும்மா விட்டுட மாட்டோம்க்கா, கொடுமை இல்லை அது. அதுக்குப் பதிலா ஒரு வழி சொல்லிக் குடுப்போம். ஒரு அட்டை. அதுல ரெண்டு பிள்ளைங்க பேசற மாதிரி படம். யாரோட பேசணுமோ அவங்க கிட்ட அந்த அட்டையை நீட்டினா உடனே பதில் சொல்லணும். கத்தினா பதில் இல்லை, அட்டையை நீட்டினா பதில் உண்டு. இதை எந்தப் புஸ்தகத்துல வேணா பாருங்க, இப்படித்தான் இருக்கும்.

அதுக்கு முன்னாடி மீட்டிங் போட்டேன். எச்.எம்., பாக்கியவதி டீச்சர், நான். எச்.எம். கும்பகோணத்துக்காரங்க, ரிட்டையராக ரெண்டு வருஷம் இருக்கு, எதைச் சொன்னாலும் செய்யுங்க செய்யுங்கம்பாங்க. பாக்கியவதி டீச்சர்தான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க, "மேடம், அந்தப் பிள்ளை வீட்டுக்கு ஊர்ல கட்டுப்பாடு போட்டிருக்கு." என்ன கட்டுப்பாடுன்னு கேட்டேன். அவ அப்பா மாசிலாமணிக்கும் இன்னொருத்தருக்கும் வலை அறுந்த விஷயத்துல சண்டையாம். ஊர்ப் பஞ்சாயத்துல சொல்லாம நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிட்டாராம். அதுக்காக ஊரே கூடி அந்த வீட்டை ஒதுக்கி வச்சுட்டாங்களாம். யாரும் பேசக் கூடாது. கடையில சாமான் குடுக்க மாட்டாங்க, குழாயில எல்லாரும் போன அப்புறம்தான் தண்ணி. பேசினவங்களுக்கு அபராதம். அந்த அம்மா உப்பு புளி வாங்கணும்னாக் கூட ரோட்டைத் தாண்டி டவுனுக்குத்தான் போகணும். "ஸ்கூல் ரோட்டுக்கு இந்தாண்ட இருக்கிறதால ஊர்க்காரங்க இதைக் கணக்குல எடுத்துக்கலை. எங்க பிள்ளைங்களும் இங்க வந்தா அவகிட்ட பேசுதுங்க. யாரும் ஒண்ணும் சொல்றதில்லை. அது அப்படியே இருந்துட்டுப் போவட்டும் மேடம்"னாங்க.

நான் பொறுமையா கேட்டேன். இதையெல்லாம் சொன்னதுக்கு நன்றின்னு சொன்னேன். இந்த மாதிரி குடும்ப விஷயம் சென்ஸிட்டிவ், மரியாதையோடதான் கையாளணும். ஊர்ச் சண்டையை நாம கிளாஸுக்குள்ள கொண்டு வரக் கூடாது டீச்சர், இங்க நாம குழந்தையை மட்டும்தான் பாக்கணும்னு சொன்னேன். சரிதானே? நீங்களும் அதைத்தானே சொல்லியிருப்பீங்க. எச்.எம். கூட மேடம் சொல்றது நியாயம்னாங்க.

அந்தக் குழந்தையோட அம்மா சத்தியவாணியைக் கூப்பிட்டு எல்லாத்தையும் விளக்கினேன். தமிழ்லதான் விளக்கினேன். இப்படி இப்படிச் செய்யப் போறோம், ரெண்டு வாரம் கஷ்டமா இருக்கும், பயப்படாதீங்கன்னு. அவங்க தலையாட்டினாங்க. எங்க கையெழுத்துப் போடணும்னு கேட்டுப் போட்டாங்க. வேற ஒரு கேள்வி கேக்கலை. பெரிய ஆபீஸர் யாராவது எதையாவது நீட்டினா கேள்வி கேக்காம கையெழுத்துப் போடற ஜனங்கன்னு எனக்கு அப்பத் தோணுச்சு. ஆனா என்ன செய்யறது, கேட்டுட்டேன், சம்மதம் வாங்கிட்டேன்.

அடுத்து பிள்ளைங்களுக்கு ட்ரெயினிங். இதுதாங்க எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம். வழக்கமா சின்னப் பிள்ளைங்களுக்கு இது வராது. சிரிச்சிடும், திரும்பிப் பாத்திடும், பாவப்பட்டு "என்ன"ன்னு சொல்லிடும். ஒரு மாசமாவது பிடிக்கும். இந்தப் பிள்ளைங்க ஒரே நாள்ல செஞ்சுதுங்க. அவ வந்து கன்னத்துல விரல் வச்சா முகத்தைத் திருப்பணும், உடம்பைத் திருப்பணும், வாயைத் திறக்கக் கூடாது. சொன்னேன், செஞ்சுட்டாங்க. அவ்வளவு சுத்தமா. மெட்ராஸ்ல பெரிய ஸ்கூல்லயெல்லாம் வேலை செஞ்சிருக்கேன், இந்த மாதிரி பாத்ததில்லை. பவித்ரான்னு ஒரு பொண்ணு, முதல் பெஞ்சு, எழுந்து சொல்லுச்சு, "எங்களுக்குத் தெரியும் மிஸ். ஊர்லயும் இப்படித்தான இருக்கோம்." எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு இடத்துல கத்துக்கிட்டதை இன்னொரு இடத்துலயும் செய்யறதுன்னு ஒண்ணு இருக்கு, எங்க தொழில்ல அதுதான் கஷ்டம். இங்க ஸ்கூலும் வீடும் தானாவே ஒத்துப் போச்சு.

முதல் நாள் கத்தினா. அது தெரிஞ்சதுதான். பதில் நின்னா முதல்ல ஜாஸ்தியாகும், அப்புறம்தான் குறையும். ஒவ்வொரு கன்னமா தொட்டா, ஒவ்வொரு பேரா சொன்னா. சபரி. பவித்ரா. ஹரீஷ். எல்லாம் சுவரைப் பாத்துச்சுங்க. அவ குனிஞ்சு அதுங்க முகத்துக்கு நேரா போய்ச் சொன்னா. அதுங்க கண்ணை மூடிக்கிச்சுங்க. கண்ணை மூடணும்னு நான் சொல்லிக் குடுக்கவே இல்லை. தலையில அடிச்சுக்கிட்டா, பாக்கியவதி டீச்சர் புடவையைப் பிடிச்சு இழுத்தா. டீச்சர் போர்டுல எழுதிக்கிட்டே இருந்தாங்க. எழுதின எழுத்து ஒண்ணும் படிக்கிற மாதிரி இல்லை. ஒரு தடவை அவங்க "என்னம்மா"ன்னு வாயைத் திறந்துட்டாங்க. நான் பின்னாடி பெஞ்சுலேர்ந்து டீச்சர்னு ஒரு குரல் குடுத்தேன். நடுவுல ஒரு தடவை பதில் சொல்லிட்டா அது வரைக்கும் செஞ்சதெல்லாம் போச்சு, அதான்.

அட்டையை மட்டும் அவ எடுக்கலை. கழுத்துல மாட்டி விட்டேன், கைல குடுத்தேன், கையைப் பிடிச்சு நீட்டவே வச்சுக் காட்டினேன். கையை உதறிட்டுப் பின்னாடி மறைச்சுக்குவா. அவங்க அம்மா கிட்ட கேட்டேன். "நாந்தாம்மா பழக்கிட்டேன்"னாங்க. "இவ எல்லார் வீட்டு வாசல்லயும் போய் கை நீட்டிடுவா. பாவம்னு அதுங்க ஏதாச்சும் குடுத்தா அதுங்களுக்கு அபராதம். நம்மளால அதுங்களுக்கு ஏன் கஷ்டம். யார்கிட்டயும் கை நீட்டக் கூடாதுன்னு அடிச்சே பழக்கிட்டேன்"னாங்க. நான் சொன்னேன், அடிக்கிறது தப்பும்மா, தண்டனை குடுத்துப் பழக்கறதை நாங்க ஒத்துக்கறதே இல்லைன்னு. அரை மணி நேரம் அதைப் பத்திதான் பேசினேன். நல்லா கேட்டுக்கிட்டாங்க.

அப்புறம் குறைஞ்சுது. காலையில வருவா, முதல் பெஞ்சு வரைக்கும் போவா, விரலைத் தூக்குவா, இறக்கிடுவா. அப்புறம் அதுவும் இல்லை. நேரா வந்து இடத்துல உக்காந்தா. பையை மடியில வச்சுக்கிட்டா. மணி அடிச்ச உடனே பாடம் ஆரம்பிச்சுது. எச்.எம். வந்து எட்டிப் பாத்துட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ட்ரஸ்ட்லேர்ந்து ஒருத்தர் வந்து ஃபோட்டோ எடுத்துட்டுப் போனார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடறான்னு நான் போட்டு வச்சிருந்த கிராஃப்ல கோடு அப்படியே இறங்கி அடியில படுத்துக்கிச்சு. நான் அதைப் பாத்துக்கிட்டு இருந்தேன். சந்தோஷமா இருக்கணும் இல்லையா? ஏதோ ஒண்ணும் தோணலை. ரூமுக்குப் போய்த் தூங்கிட்டேன்.

அப்பதான் ஒரு நாள் காலையில தர்ஷிகா அம்மா வந்தாங்க. பாருங்க, பேரைச் சொல்லிட்டேன். சரி விடுங்க, ஊர் பேரைச் சொல்லலையே.

ப்ரேயர் முடிஞ்சு எல்லாரும் வராந்தாவுல நிக்கிறோம். பிள்ளைங்க வரிசையா உள்ள போய்க்கிட்டு இருக்கு. அந்த அம்மா தலைக்குக் குளிச்சு ஈரம் காயாம வந்தாங்க. கைல ஒரு எவர்சில்வர் தட்டு. வெத்தலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம், பூ. நேரா எங்கிட்ட வந்து தட்டை எனக்கு முன்னாடி தரையில வச்சுட்டு, அப்படியே நெடுஞ்சாண்கிடையா விழுந்துட்டாங்க. நெத்தி தரையில. ஒரு வார்த்தை பேசலை. அந்தக் குழந்தை பக்கத்துல நிக்கிறா, அவ கையையும் பிடிச்சு இழுத்துக் கீழே விழ வச்சாங்க.

எனக்கு உடம்பு கூசிப் போச்சு. ஒரு நன்றி சொல்றதுக்கு இப்படியா. எழுந்திருங்கம்மா, இது என் கடமைன்னு சொன்னேன். எழுந்திருக்கலை. வரிசையில போன பிள்ளைங்கல்லாம் அப்படியே நின்னு பாக்குதுங்க. எச்.எம். தட்டை வாங்கிக்கங்களேன் மேடம்னாங்க. வாங்க முடியாதுக்கா. எங்களுக்கு நெறிமுறைன்னு ஒண்ணு இருக்கு. சிகிச்சை எடுக்கிற குடும்பத்துக்கிட்டேர்ந்து பரிசு வாங்கக் கூடாது. இன்னிக்கு வெத்தலை பாக்கு, நாளைக்கு வேற ஒண்ணு. ஏழைக் குடும்பம் வேற. அது அவங்களுக்கும் நல்லதில்லை. பாக்கியவதி டீச்சர் பக்கத்துல வந்து, மெதுவா, "மேடம், தொட்டுட்டாவது குடுங்க"ன்னாங்க. "உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், தொட்டுட்டுக் குடுங்க." இவங்க ஏன் இவ்வளவு பதறறாங்கன்னு நினைச்சேன். எல்லாரும் சேர்ந்து கட்டாயப்படுத்தற மாதிரி இருந்துச்சு. நான் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டேன். மரியாதையாதான் சொன்னேன், மனசு எனக்கு வந்துடுச்சும்மா, தட்டை மட்டும் எடுத்துட்டுப் போங்கன்னு.

அந்த அம்மா ரொம்ப நேரம் கழிச்சு எழுந்தாங்க. என் கையைப் பாத்தாங்க. முகத்தைப் பாக்கலை. தட்டை எடுத்துக்கிட்டாங்க, குழந்தையைப் பிடிச்சுக்கிட்டாங்க, கிளாஸுக்கு அனுப்பாம கேட்டைத் தாண்டிப் போயிட்டாங்க. பிள்ளைங்க யாரும் சத்தமே போடலை. ப்ரேயர் முடிஞ்சா எவ்வளவு கூச்சல் போடுங்க, தெரியுமில்ல உங்களுக்கு.

ஸ்டாஃப் ரூம்ல பாக்கியவதி டீச்சர் சொன்னாங்க. "அது மரியாதைத் தட்டு இல்லை மேடம். கட்டுப்பாடு போட்டவங்க முன்னாடி வச்சு மன்னிப்புக் கேக்கற தட்டு. விழுந்து கிடக்கும்போது பேசக் கூடாது. பெரியவங்க தட்டைத் தொட்டா கட்டுப்பாடு எடுத்தாச்சு. தொடலைன்னா இல்லை. ஊரு போட்ட மாதிரி ஸ்கூலும் போட்டுடுச்சுன்னு அது நினைச்சிருக்கு. ஏன்னா நீங்க வந்த அப்புறம்தான பிள்ளைங்க பேச்சை நிறுத்துச்சு. ஊர்க்காலுல விழ அதும் புருசன் ஒத்துக்க மாட்டான். இங்கயாவது விழுந்து பாப்போம்னு வந்திருக்கு." முன்னாடியே சொல்லியிருக்கலாமே டீச்சர்னு கேட்டேன். "சொன்னேனே மேடம்"னாங்க. சொன்னாங்கதான். ஆனா அன்னிக்கு அவங்க சொன்னது ஊர்ச் சண்டையைப் பத்தி. தட்டைப் பத்தி எங்க சொன்னாங்க. எனக்குக் கோபம் கூட வரலை. சரி, ஒரு வீட்டு விசிட் போடுவோம், நேர்ல விளக்கிட்டா சரியாயிடும்னு நினைச்சேன்.

குழந்தை அந்த வாரம் ஸ்கூலுக்கு வரலை. நான் சாயங்காலம் கிளம்பினேன். பாக்கியவதி டீச்சரையும் கூட்டிக்கிட்டேன், கைகோத்துச் செய்யணும் இல்லையா. ரோட்டைத் தாண்டி அந்தத் தெரு முனை வரைக்கும் வந்தாங்க. "நான் இங்கயே நின்னுடறேன் மேடம். அதுக்குள்ள வந்தா எனக்கும் போடுவாங்க. நீங்களும் போகாதீங்க. ஸ்கூலுக்கு வரவச்சுப் பேசுவோம்"னாங்க. நான் வெளியூர்க்காரி, எனக்கு என்ன வந்ததுன்னு சொல்லிட்டுப் போனேன். தெருவுல வலை பிரிச்சுக்கிட்டு இருந்தவங்க எல்லாரும் தலை நிமிர்ந்து பாத்தாங்க.

சத்தியவாணி பாய் விரிச்சாங்க. தண்ணி குடுத்தாங்க. நான் மூச்சு விடாம விளக்கினேன். தண்டனை இல்லைம்மா, ஒதுக்கி வைக்கலைம்மா, இது ஒரு முறை, பாருங்க எவ்வளவு நல்லா உக்காருறான்னு. அவங்க சரிம்மா சரிம்மான்னாங்க. தர்ஷிகா மூலையில உக்காந்திருந்தா. நான் அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவ முகத்தைத் திருப்பினா. அப்புறம் உடம்பைத் திருப்பினா. வாயைத் திறக்கலை. நாங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தது அப்படியே. பிறத்தியாரைப் பாத்துச் செய்யறது இந்தக் குழந்தைக்கு வராதுன்னு முதல் ரிப்போர்ட்ல நானேதான் எழுதியிருந்தேன். எவ்வளவு முன்னேற்றம் பாருங்க. கிட்டப் போய் இன்னொரு தடவை கூப்பிட்டேன். கண்ணை மூடிக்கிட்டா. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். எதுக்கு அத்தனை தடவை கூப்பிட்டேன்னு தெரியலை. கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. அந்த அம்மாதான் என் தோளைத் தொட்டாங்க. "விட்டுருங்கம்மா. இங்க ரொம்ப நேரம் இருக்காதீங்க. நீங்க வந்ததைப் பாத்திருப்பாங்க. நாளைக்கு உங்ககிட்டயும் யாரும் பேச மாட்டாங்க. எங்களுக்குப் பழகிடுச்சு, உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்"னாங்க.

வெளியில வந்தப்ப பாக்கியவதி டீச்சர் அங்க இல்லை.

மறுநாள் கிளாஸுக்குப் போனேன். குட் மார்னிங்னு சொன்னேன். பிள்ளைங்க எழுந்திருக்கலை. இருபது முப்பது பிள்ளைங்க, எல்லாம் போர்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. பவித்ரான்னு கூப்பிட்டேன். முகத்தைத் திருப்பிச்சு. நல்ல ட்ரெயினிங்ல இருந்த பிள்ளைங்க, அதனால அப்படிச் செய்யுதுங்கன்னு முதல்ல நினைச்சுக்கிட்டேன். வேணும்னு செய்யலை, பாவம், அதுங்களுக்கு அபராதம் பயம். டீச்சர்னு கூப்பிட்டேன். பாக்கியவதி டீச்சர் அட்டெண்டன்ஸ் நோட்டை எடுத்துக்கிட்டு எச்.எம். ரூமுக்குப் போனாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு எச்.எம். வந்து சொன்னாங்க, "ஊர்ல உங்களுக்கும் போட்டுட்டாங்களாம் மேடம். ஸ்கூலுக்கும் சேத்தாம். முன்னாடி மாதிரி இங்க மட்டும் விலக்கு இல்லையாம். பாக்கியவதி உங்ககிட்ட சொல்லச் சொன்னா." பாக்கியவதி டீச்சர் அங்கயேதான் நின்னாங்க, ரெண்டடி தூரத்துல, சுவர்ல மாட்டியிருந்த டைம் டேபிளைப் பாத்துக்கிட்டு.

இன்னும் கொஞ்ச நாள் போனேன். பின்னாடி பெஞ்சுல போய் உக்காருவேன், மத்தியானம் சாப்பிடுவேன், பஸ் ஏறுவேன். அழுகையெல்லாம் வரலைக்கா. ஒண்ணுமே வரலை. எச்.எம். மட்டும் சாப்பிட்டீங்களான்னு கேப்பாங்க. எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. தட்டுல என்னென்ன வைக்கணும்னு எனக்குத் தெரியும், பாத்துட்டேன். அதை யார் முன்னாடி கொண்டு போய் வைக்கணும்னுதான் தெரியலை. எச்.எம்.முக்கும் தெரியலை. தெரிஞ்சவங்க எல்லாரும் அந்த கிளாஸ்லயும் அந்தத் தெருவுலயும்தான் இருந்தாங்க, அவங்க யாரும் எங்கிட்ட பேசறதில்லை.